வாசலில் சொல்ல ஒரு பேர்

நாட்டுக்கே பேர் மாற்றியவர்கள் நம்மை மட்டும் விட்டுவைப்பார்களா என்று நான் அன்றைக்கே சொன்னேன். காங்கோ என்ற பேர் போய் சயீர் வந்த சூடு ஆறுவதற்குள் ரேடியோவில் அடுத்த ஆணை வந்துவிட்டது. வெள்ளைக்காரர் பழக்கிய பேரெல்லாம் போக வேண்டுமாம். எல்லோரும் பாட்டன் பூட்டன் பாஷையில் பேர் வைத்துக்கொண்டு வட்டார அலுவலகத்தில் வந்து பதிய வேண்டுமாம். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஜார்ஜெட்டாக இருந்த நான் மறுநாள் காலையில் லாண்டு ஆகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறந்தவள் லாண்டுதான், யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஜார்ஜெட் கோயிலுக்குப் போகும்போது மட்டும் உடுத்திக்கொண்ட பேர்.

எல்லோருக்கும் இப்படி லேசாக முடியவில்லை. வெரோனிக்குக்கு அந்த ஆணை வயிற்றில் அடித்தது. அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் எங்கள் மிஷன் பிரசவ விடுதியில் உதவியாள். நான் அங்கே துணி துவைக்கிறவள். ரத்தம் தோய்ந்த துணியை அவள் கொண்டுவந்து போடுவாள், நான் திட்டிக்கொண்டே துவைப்பேன். அப்படி வளர்ந்த சிநேகிதம் எங்களுடையது. விடுதிக்கு வர முடியாத பெண்களுக்காக இங்கிசி ஆற்றைத் தாண்டியும் நடந்தே போவாள். உயரமானவள், பேச்சு குறைவு, கைகள் மட்டும் ஆம்பளைக் கைகள் மாதிரி பெரியவை. அந்தக் கைகளைப் பற்றி எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒன்றையேதான் சொல்வாள். வலி உச்சத்துக்கு ஏறும்போது மற்ற மருத்துவச்சிகள் கத்தாதே, பொறுத்துக்கோ, உன் அம்மா பெறவில்லையா என்று வாயாடுவார்கள். வெரோனிக் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள், வலி இறங்கும் வரை.

அவளுடைய பிறவிப் பேர் ம்பாசி. எங்கள் பாஷையில் அதற்கு வேதனை என்று அர்த்தம். வேதனை என்று ஒரு குழந்தைக்கு யாராவது பேர் வைப்பார்களா என்றால், வைத்தார்கள். அவளைப் பெற்றுப் போட்ட கையோடு அவள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். எங்கள் குலத்தில் பேர் வைக்கும் உரிமை தாய்மாமனுக்கு. அல்போன்ஸ் மாமா செத்தவளுக்கு நேர் மூத்தவர், அப்போது இளவட்டம், தங்கை என்றால் உயிரை விடுவார். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் குழந்தையைக் கொண்டுபோய் நீட்டினார்களாம். முகத்தைக்கூடப் பார்க்காமல் "ம்பாசி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். வைத்தது வைத்ததுதான். பேர் வைத்த வாயே நாலு பேர் முன்னால் அதைத் திருப்பி எடுத்தால் ஒழிய அது போகாது.

கூப்பிடுவதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பிரசவ வீட்டுக்குள் நுழைகிறவள் யாரானாலும் வாசலில் நின்று தன் பேரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வருவது யார் என்று வலியில் கிடப்பவளுக்குத் தெரிய வேண்டும், பிறக்கப் போகிற பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தனக்கு உரிமையில்லாத பேரைச் சொல்லிக்கொண்டு நுழைந்தால் பிள்ளைக்கு ஆகாது. இப்படி இருக்க, வேதனை வந்திருக்கிறேன் என்று ஒருத்தி வாசலில் நின்றால் யார் உள்ளே விடுவார்கள்? சொந்தச் சித்தி பிரசவத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவளை வழியிலேயே நிறுத்தி, குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். கல்யாண வீடுகளில் அவளை "ஏ புள்ள" என்று கூப்பிடுவார்களே தவிர, யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

வளர்ந்த பெண்ணாக ஞானஸ்நானத்துக்குப் போனாள். எங்கள் கோயில் சுவரில் சிலுவைப் பாதைப் படங்கள் வரிசையாக உண்டு. அதில் ஒன்றில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சிலுவை சுமந்து போகிறவரின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். சிலுவையை வாங்கிச் சுமக்க அவளால் முடியாது. சிப்பாய்களைத் தடுக்கவும் முடியாது. முகத்தைத் துடைக்க முடியும், துடைத்தாள். அந்தப் படத்தின் முன்னால் ம்பாசி நின்றுகொண்டு அந்த அம்மா பேர் என்ன என்று கேட்டிருக்கிறாள். வெரோனிக் என்றார்கள். அதையே எனக்கு வையுங்கள், அவள் செய்தது என்னாலும் ஆகும் என்றாளாம். அல்போன்ஸ் மாமா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கோயில் கொடுத்த பேரைக் கோயில் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்.

கன்னியாஸ்திரீகள் அவளைப் பிரசவ விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். வாசல்களில் போய் நின்று "வெரோனிக்" என்றாள், கதவு திறந்தது. அவள் வாழ்க்கை அவ்வளவுதான். கட்டிய கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளை இல்லை. அந்தப் பேரை வைத்துத்தான் அவள் மனுஷியாக நடமாடினாள்.

அதைத்தான் ரேடியோக்காரன் பிடுங்கிக்கொண்டான். கட்சிப் பையன்கள் ஊர் ஊராக வந்து மிரட்டினார்கள். பழைய பேரில் கூப்பிட்டால் அபராதம், அந்தப் பேரில் ஞானஸ்நானம் கொடுக்கிற சாமியாருக்கு ஜெயில். பிறவிப் பேர் உள்ளவர்களுக்கு அதையே எழுதுவார்கள். புதுப் பேர் வேண்டுமென்றால் குலத்துப் பெரியவர் அலுவலகத்துக்கே வந்து சொல்ல வேண்டும். அதாவது ம்பாசியைத் திருப்பி எடுக்க அல்போன்ஸ் மாமா வாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் மிச்ச ஆயுசு முழுக்க வேதனைதான்.

கேள்விப்பட்ட அன்றைக்குத் துவைக்கிற இடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"கடவுளுக்கு என்னைத் தெரிஞ்ச பேரு அதுதானே, லாண்டு. நாளைக்கு அவரு கூப்பிட்டா, எதைச் சொல்லிக் கூப்பிடுவாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியைக் கல்லில் அறைந்தேன். கடவுள் கட்சி ஆபீஸில் கேட்டுக்கொண்டா உன்னைக் கூப்பிடப் போகிறார் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டு என்ன? அன்றைக்கே பேர் தேட ஆரம்பித்தோம். நான் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். கியேசே என்று வைத்துக்கொள், சந்தோஷம். மடோண்டோ என்று வை, நன்றி. வுவு என்றால் நம்பிக்கை, கூப்பிடவும் சுலபம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ராணிக்குப் பேர் தேடினால்கூட இந்நேரம் கிடைத்திருக்குமே அம்மா, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லா வீட்லயும் பிள்ளை உசுரோடவா பொறக்குது? செத்துப் பொறந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு சந்தோஷம் வந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு வீட்டு வாசல்லயும் வெக்கப்படாம சொல்லக்கூடிய பேரா வேணும்."

அவளை எங்கள் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்கள் ஜனம்தான், பர்த்தலேமி என்று இருந்த பேரை அவருமே விட்டுவிட்டு, பதிலுக்கு எதை வைப்பது என்று தெரியாமல் வெறும் சாமியாராக உலாவிக்கொண்டிருந்தார். பேர் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை அவர். இத்தனை வருஷமாக அந்த வீடுகளுக்குள் போய் நீ என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் பெருசா பண்ணல, சாமி. கூட இருந்தேன்."

அப்படியானால் உன் பேர் லுசாடிசு என்றார். துணை. அவள் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியும் போனது. தூய ஆவியானவரைத் துணையாளர் என்றல்லவா ஜெபத்தில் கூப்பிடுகிறோம், அவ்வளவு பெரிய பேரை என் மாதிரி ஒருத்தி எடுத்துக்கொள்ளலாமா, பாவமில்லையா என்றாள். சாமியார் சிரித்தார். அந்தப் பேரை நீ அவரிடமிருந்து பறிக்கவில்லை, அவர் உனக்குக் கொடுத்த வேலையைத்தான் சொல்லிக்கொள்ளப் போகிறாய் என்றார். ஆனாலும் மாமாவிடம் போய்க் கேள், அவர் வாயால்தான் வர வேண்டும், அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் என் துவைக்கும் கொட்டகை வாசலில் நின்று, ஆள் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, மெல்ல "லுசாடிசு" என்று சொல்லிப் பார்த்தாள். உள்ளே வா, அங்கே நின்று கொசுவை விடாதே என்று ஏதோ உளறினேன்.

ஒரு ஜாடிக் கள்ளோடு மாமா வீட்டுக்குப் போனோம். பெரியவரிடம் இப்படி ஒரு காரியம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. மாமா அந்த நாட்களில் நல்ல கலகலப்பில் இருந்தார். தன் அல்போன்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, குலத்தைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்த மூதாதை லுடேட்டேயின் பேரைத் தான் எடுத்துக்கொள்ளப் போவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குலத்தலைவர், அது அவருக்குத் தகும், யாரும் மறுக்கவில்லை. எங்கள் கள்ளை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை தலையைக் குனிந்து கேட்டார். கோவப்படவில்லை. கோவப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"அந்தப் பேரையும் எடுத்துட்டா எந்தங்கச்சிக்குன்னு இந்த ஊர்ல என்ன மிச்சம்? குழிமேலயும் புல்லு மூடிப்போச்சு. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அப்படி ஒருத்தி இருந்தா, செத்தான்னு நாலு பேருக்கு நெனப்பு வருது. அதை எடுக்கச் சொல்லாத, புள்ள."

"மாமா, நான் அவங்கள கொல்லல."

அவர் கள் ஜாடியை நகர்த்தி எங்கள் பக்கம் வைத்தார். கேட்டதைத் தர முடியாது என்று அர்த்தம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் என்னை ஒரு தடவை மட்டும் தடுத்தாள், அவருக்கு அது இன்னும் ஆறவில்லை, விடு என்றாள். அவளுக்கு எப்போது ஆறுவதாம்?

பதிவுக்கு எங்கள் ஊருக்குக் கொடுத்திருந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது கெங்கேக்கு வலி கண்டது. கெங்கே வெரோனிக்குக்குச் சித்தி மகள், தங்கை முறை. மாமாவுக்கு அவளும் மருமகள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். முதல் பிரசவம். மழையில் ஆறு பொங்கியதால் வலியோடு அவளைத் தோணியில் ஏற்றி விடுதிக்குக் கொண்டுவர யாருக்கும் தைரியம் வரவில்லை, அக்காவைக் கூட்டி வாருங்கள் என்று அவளே ஆள் அனுப்பியிருந்தாள். நானும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தோணியில் ஆற்றைக் கடந்தோம்.

முற்றத்திலேயே கெங்கேயின் புருஷன் மவிங்கா எங்களை மறித்தான். அவன் அந்த ஊர்க் கட்சிக் கிளைக்குச் செயலாளர். கெட்டவன் இல்லை, பயந்தவன். வெள்ளைக்காரப் பேர் எதுவும் என் வீட்டு வாசலில் ஒலிக்கக் கூடாது, என் பிழைப்பு போய்விடும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். சார்ப்புக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அல்போன்ஸ் மாமா. பெண் வீட்டுப் பெரியவர் என்று காலையிலேயே வந்திருந்தார்.

வாசலில் மவிங்காவின் அம்மா லுகோகி நின்றுகொண்டிருந்தாள். வருவது யார் என்று முறைப்படி கேட்டாள். வெரோனிக் நின்றாள். பழைய பேரைச் சொன்னால் மவிங்காவுக்கு ஆபத்து. லுசாடிசுவை இன்னும் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, உரிமையில்லாத பேரை அந்த வாசலில் சொல்ல அவள் துணிய மாட்டாள். சார்ப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்பாசி" என்றாள்.

லுகோகி வாசலின் இரண்டு நிலைக்காலையும் கையால் பிடித்து மறித்துக்கொண்டாள். இந்தப் பேர் என் வீட்டுக்குள் போகாது, போனால் நான் செத்துத்தான் போக வேண்டும் என்றாள். ஆண்களில் ஒருவர் எழுந்தார். உள்ளேயிருந்து கெங்கேயின் குரல் வந்தது. கத்திக் கத்தி வறண்டுபோன குரல்.

"வேதனை காலைலேருந்து எங்கூடத்தான் இருக்கு, அத்தை. அக்காவை விடுங்க."

விட்டார்கள். நான் தண்ணீரும் துணியும் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். குழந்தை நாங்கள் போகும் முன்னாலேயே வயிற்றுக்குள் அடங்கிவிட்டது. வெரோனிக் கெங்கேயின் வயிற்றில் கையை வைத்தவுடனே என்னைப் பார்த்தாள், நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு தாயைக் காப்பாற்றுவது மட்டும்தான் வேலை. ரத்தம் நிற்கவில்லை. எப்படி நிறுத்தினாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முழங்கை வரை சிவந்த கையோடு, ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கெங்கே பிழைத்தாள். குழந்தையை உயிருள்ள குழந்தையைக் குளிப்பாட்டுவது போலவே வெந்நீரில் குளிப்பாட்டி, என் மூட்டையில் இருந்ததில் வெள்ளையான துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்று தாயின் மார்பில் கொடுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது லுகோகி முற்றத்து நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வேதனைன்னு சொல்லிக்கிட்டேதானே உள்ள போனா. போனா, பிள்ளைய எடுத்துக்கிட்டா."

பேரப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேச்சு, அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? வெரோனிக் தலை குனிந்து, கையில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கழுவாமலே நின்றாள். மாமா எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் லுகோகியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அடி வாங்கியவன் பார்வை அது. கைத்தடியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை. இந்த மாதிரிச் சேதிகள் ஆற்று வெள்ளத்தையும் தாண்டும். ஆளனுப்ப வேண்டிய வீடுகள் வேறு மருத்துவச்சிக்கு அனுப்பின. அவள் விடுதியில் வெந்நீர் போட்டாள், துணி மடித்தாள், எனக்குத் துவைக்கக்கூட உதவி செய்தாள். சகா-சகாக் கீரையும் குவாங்கா ரொட்டியும் கொண்டுவந்து வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவைப்பாள். ஒருநாள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, ஒருவேளை அந்த அம்மா சொல்வது நிஜம்தானோ என்று கேட்டாள். என் அம்மா போனாள், இந்தப் பிள்ளை போயிற்று, என் கையில் ஏதோ இருக்கிறதோ என்றாள். நான் அவளைத் திட்டினேன், உலுக்கினேன், அழுதேன். ஊர் சொல்வது எனக்குப் பயமில்லை. அவளே அதை நம்ப ஆரம்பித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதிவு நாள் வந்தது. வட்டார அலுவலகத்து முன்னால் எங்கள் ஊரே வரிசையில் நின்றது. லாரி ஓட்டுகிற கஸ்தோன் தான் யோசித்து வைத்திருந்த புதுப் பேர் மறந்துபோய், பெண்டாட்டியைக் கேட்க வீட்டுக்கு ஓடினான், எல்லோரும் சிரித்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் சின்ன வயசுக்காரன். அப்போது ஐயா, அம்மா எல்லாம் கூடாது, எல்லோரும் பிரஜைதான். பிரஜை, உன் பேர் என்று கேட்பான், எழுதுவான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான். நான் லாண்டு என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன். அடுத்தது வெரோனிக். அவள் ஒன்றுக்கும் போராடுகிற நிலையில் இல்லை. பிறவிப் பேரையே சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் பின்னாலிருந்து வரிசையை விலக்கிக்கொண்டு அல்போன்ஸ் மாமா வந்தார். வயலுக்குப் போகிற சட்டையிலேயே வந்திருந்தார். உங்கள் முறை வரும்போது வாருங்கள் என்றான் எழுத்தர். மாமா நகரவில்லை.

"நான் இவளுக்குத் தாய்மாமன். இவளுக்குப் பேர் வெச்ச வாய் இது. வெச்சதை எடுக்க வந்திருக்கேன்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கஸ்தோனும் ஓடி வந்து நின்றுவிட்டான். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். என் தங்கை செத்த அன்றைக்கு, இவள் வந்தாள், அவளை எடுத்துக்கொண்டாள் என்று முற்றத்தில் உட்கார்ந்து சொன்னவன் நான். அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே வார்த்தையை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டேன். கேட்கும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. பிறந்த பிள்ளை யாரையும் எடுக்காது. அந்தப் பேரை நான் எடுத்துக்கொண்டேன், இனி யாரும் இவளை அப்படிக் கூப்பிடக் கூடாது. இதை அவர் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார், குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ஒரு பேரு கேட்டியே, புள்ள. என்ன அது? இன்னொரு தடவ சொல்லு."

அவள் மாமாவின் முகத்தையே பார்த்தாள். நான் சொல்லிவிடலாமா என்று துடித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவள்தான் சொல்ல வேண்டும். கடைசியில் "லுசாடிசு" என்றாள். மாமா அதை ஊர் கேட்கத் திருப்பிச் சொன்னார், எழுத்தர் எழுதினான். அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு அவள் பிற்பாடு எத்தனையோ வாசல்களில் நின்றாள். கெங்கேயின் வாசலிலும் மறுபடி நின்றாள், லுகோகியே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிள்ளை அழுகிற வீட்டிலும் அழாத வீட்டிலும் அதே பேரைத்தான் சொன்னாள். சில வருஷம் கழித்து ஆணை தளர்ந்து ஆளாளுக்குப் பழைய பேருக்கு ஓடியபோது, சாமியார் அவளிடம் வெரோனிக் வேண்டுமா என்று கேட்டார். இரண்டும் ஒரே வேலைதானே சாமி, இதுவே இருக்கட்டும் என்றாளாம்.

அன்றைக்கு எழுத்தர், வந்தது வந்துவிட்டீர்கள், உங்கள் பேரையும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று மாமாவிடம் சொன்னான். நாங்கள் எல்லோரும் லுடேட்டேயை எதிர்பார்த்து நின்றோம்.

"ம்பாசி" என்றார்.

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். அது இப்போது எடுத்த பேர் அல்லவா, இவளுடையது அல்லவா என்று கேட்டான்.

"இல்ல, தம்பி. அது எப்பவும் என்னோடதுதான். தூக்க முடியாம இவ தலையில வெச்சுட்டேன். எழுதுங்க."

அவன் எழுதினான். லுசாடிசு அந்த மேஜைக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அம்மா, அம்மா என்று சொல்லி அழுதாள். கொன்றவள் என்று பேர் எடுத்தவளுக்குத் துக்கம் கொண்டாட உரிமை ஏது? பிறந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. மாமாவும் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தங்கையின் பேரைச் சொல்லி அழுதார். வரிசையில் நின்ற எங்களில் ஒருவரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.